நாவில் வரைந்த எல்லை

சென்னிமலையில் சென்ற கோடையில் இரவுக் காவல் ஒன்று தொடங்கலாயிற்று. தறிக்கூடம் ஒன்றின் பூட்டு உடைக்கப்பட்டு நூல் மூட்டைகள் களவு போயின. மறுவாரம் ஒரு வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள் காணாமற்போயிற்று. ஊர் இளைஞர் இருபது பேர் கூடினர். நாளுக்கு நால்வராக முறைவைத்துத் தெருக்காவல் காப்பதென்று முடிவு செய்தனர். நன்று என்றோம். பிறர் உழைப்பைத் திருடுவோனைப் பிடிக்க ஊர் விழித்திருப்பதில் யாருக்கு மறுப்பு இருக்க முடியும்? ஆனால் கூட்டம் கலையும் நேரத்தில் ஓர் இளைஞர் எழுந்து மற்றொரு யோசனை சொன்னார். "பத்து மணிக்கு மேலே தமிழ் தெரியாதவன் எவன் வந்தாலும் நிறுத்தி ஆதார் அட்டையக் கேக்கோணுமுங்க சார். அட்டை இல்லீன்னா ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிரோணும்." கைதட்டல் எழுந்தது. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆசிரியர் என்ற முறையில், அறிவிப்பை எழுதித் தரும் பொறுப்பு நம்மிடமே வந்து சேர்ந்தது.

வீடு வந்து தாளை எடுத்தோம். 'தமிழ் தெரியாதவர்' என்று எழுதியதும் கை நின்றது. இதே வாசகத்தை, மொழி ஒன்றை மட்டும் மாற்றி, நாம் முன்னரே படித்திருக்கிறோம். அது தெருக்காவலர் எழுதிய வாசகமன்று; இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ள வாசகம். அங்கே ஐயத்துக்குரிய மொழி தமிழ். நிறுத்தப்பட்டவர்கள் நம்மவர்கள்.

அந்தக் கதை காப்பிச் செடியில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கை மலைநாட்டில் வெள்ளைத் துரைமார் காடழித்துக் காப்பி நட்டனர். நடவும் பறிக்கவும் ஆள் தேவைப்பட்டது. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் சீமைகளில் பஞ்சமும் சாதியும் துரத்திய மக்கள் இருந்தனர். அவர்களைக் கூட்டிச் செல்லக் கங்காணி இருந்தான். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக நடந்தனர். காய்ச்சலிலும் பேதியிலும் வழியில் விழுந்தவர்க்குக் கல்லறை இல்லை. 1869-இல் இலைத்துரு நோய் கண்டு காப்பி மாளத் தொடங்கியது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. செடி மாறியதேயன்றிக் கூடை சுமந்த முதுகு மாறவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு ஆள் போக வேண்டுமாயின், அவர் தலைமேல் எழுதப்பட்ட கடனைக் காட்டும் 'துண்டு'ச் சீட்டு வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரவில்லை வந்தது. இக்கரையில் மண்டபத்தில் இலங்கை அரசே முகாம் நடத்திற்று. நோய் இல்லை என்று கண்ட பின்னரே அனுப்பிற்று. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு இரயிலும் கப்பலுமாகப் பயணம் எளிதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், தோழர்களே! நூறாண்டுக் காலம் அந்த நீரிணையைத் தாண்டிய தமிழனை நோக்கி, 'நீ எந்த நாட்டான்?' என்று எந்தக் காவலனும் கேட்கவில்லை. 'எந்தத் தோட்டத்துக்கு?' என்று மட்டுமே கேட்டனர். கூலிக்கு ஆள் வேண்டியபோது கடலில் எல்லை இல்லை.

எல்லை எப்போது முளைத்தது? அவன் கைக்கு வாக்குச்சீட்டு வந்தபோது! 1931-இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கையில் வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தால் மலைநாட்டுத் தொகுதிகள் கைநழுவும் என்று சிங்களத் தலைவர்கள் அஞ்சினர். 1939-இல் அரசுப் பணியில் நாட்கூலிகளாக இருந்த இந்தியர் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டனர். நேரு நேரில் சென்று பேசினார், பயன் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து, கைத்தொழில் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. வாசற்கதவு இருபுறமும் அடைபடலாயிற்று.

1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். தீவின் மக்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசு மலையகத் தொகுதிகளில் வென்றது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். அடுத்த ஆண்டே, விடுதலை பெற்ற இலங்கை தன் முதற் பெருஞ் சட்டங்களுள் ஒன்றாகக் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. தீவில் பிறந்தது மட்டும் போதாது. தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். 19-ஆம் நூற்றாண்டில் லயத்தின் இருட்டறையில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சீட்டு எழுதிவைத்த துரை யார்? சிங்கள உழவரிடந்தான் பூட்டனின் சீட்டு இருந்ததா? அவரிடமும் இல்லை. ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. சட்டத்தின் சூது அங்கேதான் இருக்கிறது.

1949-இல் வந்த மற்றொரு சட்டம், மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்ததை மெய்ப்பித்தால் குடியுரிமை தரலாம் என்றது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்டுகள் பல கழிந்து குடியுரிமை பெற்றவரோ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. தாயின் சாவுக்கு ஊர் வந்து தங்கிவிட்டவருக்கு 'இடையறாமை' அறுந்துபோயிற்று! 1952 தேர்தலில், தலவாக்கலையில் வென்றவருக்கு வாக்களித்த மக்களின் பெயர்களே பட்டியலில் இல்லை.

இக்காலத்தில்தான் 'கள்ளத்தோணி' என்ற சொல் தலையெடுக்கிறது. அச்சொல்லில் உண்மையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. தோணிக்காரர் பணம் வாங்கிக்கொண்டு இரவில் ஆளேற்றிச் சென்றது மெய். நேர்வழி மூடப்பட்டபோது, பிழைப்பைத் தேடுவோரும் பெற்றோரைத் தேடுவோரும் கள்ளவழியில் சென்றனர். எந்த அரசும் தன் கரையைக் காக்கும். அதைக் குறை கூறுவதற்கில்லை. 1952-இல் இலங்கை இராணுவம், கடற்படைக்கும் போலீசுக்கும் துணையாக 'மாண்டி நடவடிக்கை' என்ற பெயரில் கரைக்காவலில் இறங்கியது. 1963-இல் அது கள்ளக் குடியேற்றத் தடுப்புப் படை என விரிந்து, 1981 வரை நீடித்தது. படை கரையில் நின்றது. சொல்லோ கரையில் நிற்கவில்லை. தலைமன்னாரிலிருந்து நுவரெலியா வரை ஏறிச் சென்றது. தோணியைக் கண்ணாலும் காணாதவர், பாட்டி காலத்திலிருந்து ஒரே லயத்தில் வாழ்ந்தவர், அவரும் கள்ளத்தோணி எனப்பட்டார். சந்தையில் கடைக்காரர் சொன்னார். பஸ்ஸில் நடத்துநர் சொன்னார். பள்ளியில் பிள்ளைகள் சொன்னார்கள். சீருடை இல்லாமலே ஊரில் பாதிப்பேர் எல்லைக்காவலர் ஆகிவிட்டனர்.

சட்டம் இந்த மனப்பான்மைக்கு முத்திரை குத்திய நாள் 1954 ஜனவரி 18. நேருவும் சர் ஜான் கொத்தலாவலையும் அன்று தில்லியில் ஓர் ஒப்பந்தத்துக்கு இசைந்தனர். அதன்படி இலங்கை அரசு, வாக்காளர் பட்டியலில் ஏற்கெனவே இல்லாத வயதுவந்தோர் அனைவரையும் பதிவு செய்யும். பதிவு முடிந்த பின்னர், பட்டியலில் பெயரில்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழிகளுள் ஒன்றாயின், அவர் இந்தியாவிலிருந்து வந்த கள்ளக் குடியேறி என்றே கொள்ளப்படுவார்; நாடுகடத்தப்படலாம். கள்ளக் குடியேறி அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலைமேலேயே வைக்கும் சட்டத் திருத்தத்துக்கும் அதே ஒப்பந்தம் வழிவிட்டது. வழக்குத் தொடுக்குமுன் இந்தியத் தூதர் பார்வையிடலாம் என்ற சிறு காப்பு இருந்தது; இல்லையென்று சொல்லமாட்டோம். ஆனால் பொருள் யாது? பட்டியலில் விடுபட்ட சிங்களர் மறதிக்காரர். விடுபட்ட தமிழர் கள்வர். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு தோணியன்று, நடத்தையன்று, நாக்கு!

யாழ்ப்பாணத்துத் தமிழருக்கும் அதே நாக்குத்தானே? பல நூற்றாண்டுகளாக அத்தீவில் வாழ்ந்த அவருள் சிலர், தோட்டத்துக் கூலியைப் பற்றிய சட்டம் தம் வேலியைத் தாண்டி வராது என்று நம்பினர். அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலம் 1949 சட்டத்தை ஆதரித்தார். எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஏழே ஆண்டுகளில், 1956-இல், 'சிங்களம் மட்டும்' சட்டம் வேலியைத் தாண்டி வந்தது. 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் கும்பல்கள் வண்டிகளை மறித்தபோது, பட்டியலைப் புரட்டவோ சீட்டைப் பார்க்கவோ அவற்றுக்கு நேரமில்லை. வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதலொலி தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வராத ஒலி. அதைச் சரியாகச் சொல்லாத வாய்க்குரியவர் வண்டியிலிருந்து இறக்கப்பட்டார். அவர் தோட்டத்தவரா, யாழ்ப்பாணத்தவரா, கொழும்பில் பிறந்த குடிமகனா என்று எவரும் கேட்கவில்லை. 1954-இல் இரு பிரதமர்களின் எழுதுகோல் தாளில் எழுதிய தேர்வை, 1983-இல் தெருவில் நின்றவர்கள் தடியுடன் நடத்தினர்.

இதற்கிடையில் 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பிரித்தனர். மீதி 1,50,000 பேரைப் பின்னர் 1974-இல் ஆளுக்குப் பாதியாக்கினர். ஆட்டு மந்தையைப் பங்கிடுகிறவர்கூட எந்த ஆடு எந்தக் குட்டிக்குத் தாய் என்று பார்ப்பார். ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டு மாதத்துக்குள் டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடித் துறை கடலுக்கு இரையாயிற்று. எனவே திரும்பியவர்களின் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. இறங்கியவர்களை மண்டபம் முகாம் வரவேற்றது. பாட்டன்மாரை நோய் பார்த்து அனுப்பிய அதே மண்டபம்!

அங்கிருந்து அவர்கள் போன இடங்களில் நம் கொங்கு நாட்டின் மலைகளும் உண்டு. 1968-இல் தமிழக அரசு அவர்களுக்காகவே தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. இன்று 'டான்டீ' எனப்படுவது அதன் வழி வந்ததே. கூடலூர், கோத்தகிரி, வால்பாறைச் சரிவுகளில் மீண்டும் அதே கொழுந்து, அதே கூடை. அக்கரையில் 'இந்தியன்' என்று வையப்பட்டவர் இக்கரையில் 'சிலோன்காரர்' ஆனார். 1983-க்குப் பின் அகதியாக வந்தோருக்குப் பவானிசாகரிலும், சென்னிமலைக்கு அருகிலேயே அறச்சலூரிலும் முகாம்கள் அமைந்தன. தமிழக முகாம்களில் வாழ்வோருள் மலையகத் தமிழரின் வழித்தோன்றல்களும் உள்ளனர். அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிவுடன் பார்க்குமாறு 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூற வேண்டியிருந்தது. இலங்கை அரசோ, 1964 முதல் தன் மண்ணில் தங்கிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் மக்களுக்கும் 2003-இல் ஒரே சட்டத்தால் குடியுரிமை தந்தது. தந்தபின் தீவு கடலில் மூழ்கிவிடவில்லை! ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே தந்திருக்கலாமே என்பதுதான் நம் கேள்வி.

இனி அந்த 1954 தேர்வை நம் ஊருக்கே வைத்துப் பார்ப்போம். வீட்டில் பேசும் மொழியே அளவுகோல் என்றால், கொங்கு நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்யும் தேவாங்கர் வீட்டில் கன்னடம் ஒலிக்கிறதே, அவர்களை எந்த நீரிணைக்கு அப்பால் அனுப்புவது? ஈரோட்டில் பிறந்து தமிழரின் தன்மானத்துக்குப் போராடிய பெரியாரின் தாய்மொழியும் கன்னடமே. அவரே அதை ஒளிக்காமல் சொன்னவர். இடம்விட்டு இடம் போனதே குற்றம் என்றால், 1904-இல் சென்னிமலையில் பிறந்து, பிழைப்புக்குத் திருப்பூர் சென்று, 1932-இல் கொடியைக் கையில் பற்றியபடி அடிபட்டு வீழ்ந்த குமரன் யார்? பூட்டனின் பிறப்புச் சான்றே அளவுகோல் என்றால், நாமும் தேடிப் பார்த்தோம். பூட்டன் பெயர் ஒரு பழைய நிலப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தாக, அதுவும் கைநாட்டாகக் கிடைத்தது. பிறந்த நாளும் இல்லை, ஊரும் இல்லை. அன்றைய இலங்கையின் தோட்டத்தில் இருந்திருந்தால் நாமும் நாடற்றவர்தாம்.

இது தீவின் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. நம் நாட்டிலேயே 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டம், தாம் அயலார் அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமையைச் சுமத்தப்பட்டவர்மீதே வைத்தது. அசாமில் 1979-இல் மங்கல்தோய் இடைத்தேர்தலின்போது, வாக்காளர் பட்டியலிலுள்ள பெயர்கள்மீது அக்கம்பக்கத்தாரே பல்லாயிரம் ஆட்சேபங்கள் எழுப்பினர். அதிலிருந்து மூண்ட கிளர்ச்சி 1983 பிப்ரவரி 18-இல் நெல்லியில் ஒரு பகலுக்குள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. மாண்டவருள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. 2019 ஆகஸ்டு 31-இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேருக்கு இடமில்லை. அதற்கு முன் வரைவுப் பட்டியலில் இருந்தவர்கள்மீது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்தன. விசாரணை நாளில் ஆட்சேபித்தவர் பலர் எட்டிப் பார்க்கவே இல்லை! குற்றம் சாட்டப்பட்டவரோ சீட்டுக்கட்டுடன் பல கல் தொலைவு பயணம் செய்து காத்துக் கிடந்தார்.

அமெரிக்காவிலும் 2005 ஏப்ரலில், அரிசோனா எல்லையில் பொதுமக்கள் நாற்காலியும் தொலைநோக்கியும் கொண்டு காவலுக்கு அமர்ந்தனர். மெக்சிகோவிலிருந்து வருவோரைக் கண்டால் அரசுக்குத் தெரிவிப்பது மட்டுமே தம் வேலை என்றனர். பலர் அப்படியே செய்தும் இருக்கலாம். 2009-இல் அத்தகைய குழு ஒன்றை நடத்திய பெண்ணும் கூட்டாளிகளும் எல்லையருகே அரிவாக்கா என்ற சிற்றூரில், அதிகாரிகள் போல் நடித்து ஒரு வீட்டினுள் புகுந்தனர். கொள்ளையடித்துத் தம் குழுவுக்குப் பணம் சேர்ப்பது நோக்கம் என்று வழக்கில் கூறப்பட்டது. வீட்டுக்காரரையும் அவருடைய ஒன்பது வயது மகளையும் சுட்டுக் கொன்றனர். அச்சிறுமி அமெரிக்க மண்ணில் பிறந்த அமெரிக்கக் குடிமகள்.

'வடவர் ஆதிக்கத்தை எதிர்ப்பவர்கள் அல்லவா நாம்? வடநாட்டுக்காரருக்குப் பரிந்து பேசலாமா?' என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்விதான். இந்தியைத் திணிப்பது தில்லியின் ஆணை. அந்த ஆணையை எதிர்த்தோம், எதிர்ப்போம். பெருந்துறை சிப்காட் ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுத்துறங்கும் பீகார்த் தொழிலாளி எந்த ஆணையில் கையெழுத்திட்டார்? அவர் தாயிடம் பேசும் போஜ்புரியை மக்கள்தொகைக் கணக்கில் இந்தி என்ற தலைப்பின்கீழ்ப் போட்டு மறைத்துவிட்டார்களே, அவரும் மொழி பறிகொடுத்தவர்தாம். கூலி குறைகிறது என்ற கவலை உண்மையானது. அதைக் குறைப்பவர் ஆலை முதலாளியும் ஒப்பந்தக்காரருமே. 1870-இலும் கண்டியில் அப்படித்தான். கங்காணி என்றிருந்த பெயர் இன்று காண்டிராக்டர் என்றாகியிருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்யான படக்காட்சிகள் பரப்பப்பட்டன. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பிப் பார்த்தது; தமிழகப் போலீசார் பொய்யைப் பரப்பியோர்மீது வழக்குப் போட்டனர். அன்று 'எங்கள் மண்ணில் அப்படி நடக்காது' என்று நாம் தலை நிமிர்ந்து சொன்னோமே. அப்படிச் சொன்ன ஊரிலேயே பத்து மணிக்கு மேல் நாக்கை நீட்டச் சொல்லலாமா?

மறுநாள் கூட்டத்தில், அறிவிப்புக்குப் பதிலாக மேற்கண்டவற்றைத்தான் படித்தோம். சற்று நேரம் அமைதி. பிறகு அந்த இளைஞரே கேட்டார்: "அப்ப காவலே வேண்டாமுங்களா சார்?"

"காவல் வேண்டும், தம்பி. பூட்டைத் தொடுகிறவனைப் பிடியுங்கள், அவன் எந்த மொழியில் அலறினாலும் விடாதீர்கள்" என்றோம். சிலர் சிரித்தனர். காவல் நோட்டில் நேரம், வண்டி எண், எரியாத தெருவிளக்கு என்று பத்திகள் பிரித்திருந்தனர். நான்காம் பத்தி 'மொழி' என்றிருந்தது. கோடு போட்டவரே அதை அடித்தார். இருபது பேரில் மூவர் அன்றிரவே விலகிக்கொண்டனர். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தறிக்கூடத் தெருவில் இரண்டு விளக்குகள் பழுது பார்க்கப்பட்டுள்ளன. மோட்டார் சைக்கிளைத் திருடியவர் யார் என்று இதுவரை தெரியவில்லை.